மச்சாள் அமோர்கோஸுக்கு வந்த கப்பல்

பிரேயஸ் துறைமுகத்தில் காலை ஆறரை மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. சிட்னியின் ஜூலைக் குளிருக்குப் போட்ட ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு சூட்கேஸை உருட்டியபடி நானும் மச்சாளும் எங்கள் கப்பலைத் தேடினோம். ஏதென்ஸை ஒட்டிய இந்தத் துறைமுகத்தில் கப்பல்கள் பஸ் நிலையத்து பஸ்கள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. எண் போட்ட வாசல்கள் இருக்கின்றன, ஆனால் ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு நடப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். நக்ஸோஸ் தீவுக்கு ஆளுக்கு நாற்பத்தாறு யூரோ, ஐந்தரை மணி நேரப் பயணம். டிக்கெட்டெல்லாம் என் போனில் இருந்தது. எல்லாமே என் போனில்தான் இருந்தது, அதுதான் பின்னால் வினையாகப் போனது.

மச்சாள் என்பது என் கணவரின் அக்கா மனோகரி. நான் இருப்பது சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில். அவர் மெல்பேர்னில், கிரான்பர்னில். ஆஸ்பத்திரி லாப் ஒன்றில் வேலை செய்யும் எனக்கு ரயில், பஸ், விமானம் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மச்சாளோ முப்பது வருடமாக அவுஸ்திரேலியாவில் இருந்தும் ஓரிடத்துக்கும் தனியே போனதில்லை. கார் ஓட்டமாட்டார். கிரான்பர்ன் ரயில் நிலையம் அவர் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்தான், ஆனாலும் ரயிலேற வேண்டுமென்றால் அவர் கணவர் அத்தானோ, மகன் பிரணவனோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்படிப்பட்டவருக்குக் கிரேக்கத் தீவுகள் மேல் எப்படி ஆசை வந்தது என்று கேட்பீர்கள். டான்டினோங்கில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் மச்சாள் நெடுங்காலம் பொதி கட்டும் வேலை செய்தார். பக்கத்தில் நின்று வேலை செய்தவர் ஈரினி என்ற கிரேக்கப் பெண், அமோர்கோஸ் தீவுக்காரி. கைகள் பிஸ்கற்றை அடுக்க, வாய் அமோர்கோஸைப் பற்றியே பேசுமாம். லாடம் போல வளைந்த துறைமுகம், செங்குத்தான மலையில் ஒட்டவைத்த வெள்ளை மடாலயம், அதன் அடியில் கருநீலக் கடல். மச்சாள் ஓய்வு பெற்ற நாளில் பிள்ளைகள் என்ன வேண்டும் என்று கேட்டபோது, "ஈரினியின்ர மலையைப் பாக்கவேணும்" என்றார். அத்தானுக்கு முதுகு வலி, அவ்வளவு நேரம் விமானத்தில் இருக்க முடியாது. உடனே நான் முந்திரிக்கொட்டை மாதிரி, "நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன்.

விமான நிலையத்தில் பிரணவன் என்னைத் தனியே கூப்பிட்டான். "மாமி, அம்மாவ எங்கயும் அலோனா விடாதேங்கோ. ப்ராமிஸ்?"

"நான் இருக்கிறன் தானே, நீர் கவலைப்படாதேயும்," என்றேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

நக்ஸோஸில் இரண்டு நாள். மேலே உருகும் வெயில், கீழே பளிங்குக் கல் தெரு, நடுவில் மச்சாள் சந்தையில் எலுமிச்சம்பழம் பேரம் பேசிக்கொண்டு நின்றார். கடைக்காரருக்கு மச்சாள் பேசியது விளங்கவில்லை, மச்சாளுக்குக் கடைக்காரர் பேசியது விளங்கவில்லை, ஆனாலும் ஒரு பை நிறைய எலுமிச்சை வந்துவிட்டது.

"எதுக்கு மச்சாள் இவ்வளவு?"

"கப்பல்ல தலை சுத்தினால் மணக்கிறதுக்கு. வேற எதுக்கு?"

"நாங்கள் என்ன கண்டி பஸ்ஸிலயா போறம்?" என்று நான் சிரித்தேன். மச்சாள் பையை இறுக்கிக் கட்டினார்.

அங்கிருந்து சின்னக் கப்பல் ஒன்று பிற்பகலில் கிளம்பி, குட்டித் தீவுகள் ஒவ்வொன்றிலும் நின்று நின்று, பொழுது சாயும் நேரம் அமோர்கோஸைச் சென்றடைகிறது. மறுநாள் விடியற்காலை அதே வழியில் திரும்புகிறது. நம்மூர் மினி பஸ் கடலில் இறங்கியது போலத்தான். நாங்கள் வழியில் கூஃபோனிசியில் இறங்கி இரண்டு இரவு தங்கினோம். காலையில் சாவகாசமாக நடக்கத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் முழுத் தீவையும் சுற்றிவிடலாம். கடல் அங்கே பச்சைக் கண்ணாடி. இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது மச்சாளின் கால் விரல்களை என்னால் எண்ண முடிந்தது.

மூன்றாம் நாள் அறையைக் காலி செய்துவிட்டு, சூட்கேஸ்களைத் துறையை ஒட்டிய காப்பிக் கடையில் வைத்தோம். எங்கள் சின்னக் கப்பல் மாலையில்தான். ஆளுக்கு ஒன்பது யூரோ டிக்கெட், அதுவும் என் போனில். அந்தக் கடையில்தான் ஒரு வயதான தம்பதியை, அங்கிளையும் அன்ரியையும், சந்தித்தோம்.

கோயம்புத்தூர்க்காரர்கள். மெல்பேர்னில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். அன்ரி மச்சாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏங்க, பேசின் பிள்ளையார் கோயில்ல உங்கள பாத்த மாதிரியே இருக்குங்களே" என்றார்.

"ஓம் ஓம், வெள்ளிக்கிழமையில நாங்கள் அங்கதான்," என்றார் மச்சாள். அவ்வளவுதான். கடல் நடுவில், ஊர் பேர் தெரியாத தீவில், இரண்டு பெண்களும் டான்டினோங் மலையடிவாரத்தில், பேசின் என்ற ஊரில் இருக்கும் கோயிலின் பிரசாதத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். மச்சாள் வீட்டிலிருந்து கொண்டு வந்த பருத்தித்துறை வடைப் பை பிரிந்தது. அங்கிளுக்கு முழங்கால் வலி, கைத்தடியோடு நடந்தார். அவர்கள் போக வேண்டியது சாந்தொரினித் தீவுக்கு, நண்பகல் கடந்து வரும் பெரிய வேகக் கப்பலில். அது வழியில் ஒரே ஓரிடத்தில், அமோர்கோஸில், நிற்கும்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வழியனுப்புவதென்றால் வாசலில் நின்று கையாட்டுவது மட்டும் அல்ல. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், இருக்கையைக் கண்டுபிடித்து, ஆளை இருத்தி, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லி, தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுத்து, விசில் ஊதிய பிறகுதான் இறங்க வேண்டும். மச்சாள் இதில் கரை கண்டவர். கிரான்பர்னிலிருந்து யார் ஊருக்குப் போனாலும் விமானம் மேலே ஏறும் வரை நிற்பவர்.

கப்பல் வந்து, பின்பக்கப் பலகையைக் கரையில் இறக்கியது. சனம் முண்டியடித்தது. "கௌரி, அங்கிளால ஏலாது. நீர் பெட்டியைக் கொண்டுபோய் உள்ளுக்கு இருத்திப்போட்டு வாரும்," என்றார் மச்சாள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஒரு கையில் அவர்களுடைய பெட்டி, தோளில் என் கைப்பை. கைப்பைக்குள் என் போன், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மச்சாளின் போன், இரண்டு பேருடைய பாஸ்போர்ட். வாசலில் அங்கிள் டிக்கெட்டைக் காட்டினார். பின்னால் வந்த என்னையும் குடும்பத்து ஆளென்று நினைத்து ஊழியர் கையசைத்து உள்ளே விட்டார்.

மேல்தட்டில் இருக்கையைக் கண்டுபிடித்தேன். அங்கிளை இருத்தினேன். பக்கத்து இருக்கைப் பெண்ணிடம், இவருக்கு முழங்கால் சரியில்லை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். "ரொம்ப நன்றிம்மா, பத்திரமா போயிட்டு வாங்க," என்றார் அன்ரி. திரும்பிப் படியிறங்கினேன். தரை அதிர்ந்தது.

அந்தக் கப்பல்கள் சின்னத் தீவுகளில் நிற்பதே இல்லை என்று சொல்லலாம். கடைசிச் சூட்கேஸ் உள்ளே வரும்போதே பலகை தூக்கப்படுகிறது. நான் கீழ்த்தட்டுக்கு ஓடி வந்தபோது கரைக்கும் கப்பலுக்கும் நடுவே நுரைத் தண்ணீர். மேலெழும் பலகையின் இடைவெளியில் மச்சாள் தெரிந்தார். சிரித்த முகத்தோடு இரண்டு கையையும் ஆட்டி அங்கிள், அன்ரியை வழியனுப்பிக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கண்டார். ஆடிய கை அப்படியே நின்றது. பலகை மூடிக்கொண்டது.

நான் கத்தினேன். எந்த மொழியில் கத்தினேன் என்று தெரியாது. ஊழியர் ஒருவர் வந்து, கப்பலைத் திருப்ப முடியாது அம்மா, இன்னும் முக்கால் மணி நேரத்தில் அமோர்கோஸ் என்றார். டிக்கெட் இல்லாமல் ஏறியதற்குக் காசு வாங்கிக்கொண்டார், கோபிக்கவில்லை. அங்கிள் தன்னால்தான் இப்படி ஆனதென்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு கந்த சஷ்டிக் கவசம் சொன்னார். எனக்குப் பிரணவனின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. மச்சாளிடம் போன் இல்லை, டிக்கெட் இல்லை, பாஸ்போர்ட் இல்லை. இருந்ததெல்லாம் இரண்டு பெரிய சூட்கேஸும் அவருக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலமும்.

பிற்பகல் ஒன்றரை மணி, அமோர்கோஸின் கட்டாபொலா துறை. ஈரினி சொன்னது போலவே லாடமாக வளைந்த குடா, கரையெல்லாம் வெள்ளை வீடு, படகுகள். பார்க்க வேண்டியவர் இல்லாமல் அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கிளும் அன்ரியும் கப்பலோடு சாந்தொரினிக்குப் போனார்கள். துறையில் முதலில் கண்ணில் பட்ட காப்பிக் கடைக்குள் நுழைந்து, உரிமையாளரிடம் ஆங்கிலத்தில் அழாக்குறையாகச் சொன்னேன்.

அவர் என் உச்சரிப்பைக் கேட்டதும், "அவுஸ்திரேலியாவில் எங்கே?" என்றார்.

"சிட்னி. காணாமல் போனவர் மெல்பேர்ன்."

"மெல்பேர்னா! ஓக்லீயில் இருபது வருடம் கேக் கடை வைத்திருந்தேன். நோ வொரீஸ், உட்காருங்கள்."

அவர் பெயர் ஸ்டெலியோஸ். அமோர்கோஸின் வாசலில் ஓக்லீ ஆங்கிலம் கேட்டதில் எனக்குப் பாதி உயிர் வந்தது. கூஃபோனிசிக் காப்பிக் கடையின் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டார். மச்சாள் அங்கேதான் இருந்தார், ஆனால் வாசலில் இருந்த சூட்கேஸ்களை விட்டுப் போனுக்கு வரமாட்டேன் என்றாராம். அங்கேயே இருக்கச் சொல்லுங்கள், அறை எடுத்துக் கொடுங்கள், நாளை விடியற்காலைக் கப்பலில் நான் வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லச் சொன்னேன். மச்சாள் தலையாட்டினாராம்.

போனை வைத்த ஸ்டெலியோஸ் வாசலுக்குப் போய் மேற்கே பார்த்தார். "காற்று ஏறுகிறது. நாளைக்குத் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். நிறுத்தினால் இரண்டு நாள், மூன்று நாள்."

மூன்று நாள் அவர் அங்கே, நான் இங்கே. அதற்குள் ஏதென்ஸ் விமானத்துக்கு நேரம் வந்துவிடும். மச்சாள் ஈரினியின் மலையைக் காணாமலே திரும்புவார். அத்தனை வருடம் பிஸ்கற் அடுக்கிக்கொண்டு கேட்ட மலை.

மாலை ஆறு மணிக்கு மறுபடியும் கூப்பிடச் சொன்னேன். இம்முறை ஸ்டெலியோஸின் முகம் மாறியது. "உங்கள் அக்கா அங்கே இல்லையாம். சூட்கேஸ்களும் இல்லையாம். கடையில் இப்போது வேறு ஆள், எப்போது போனார் என்று தெரியவில்லை."

அந்தப் பொழுதை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். மேசைக் குடைகளையெல்லாம் காற்று பிய்த்தது, கடைக்காரர்கள் மடக்கி வைத்தார்கள். வெளிக் கடலில் வெள்ளைக் குதிரை குதிரையாக அலை. பிரணவனுக்குச் சொல்வதா வேண்டாமா என்று போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எட்டேகாலுக்கு வரவேண்டிய சின்னக் கப்பல் வரவில்லை. "வரும், அந்தக் கப்டன் பிடிவாதக்காரன்," என்றார் ஸ்டெலியோஸ். அதில் மச்சாள் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. கிரான்பர்ன் ரயிலில் தனியே ஏறாதவர், இந்தக் கடலில் எப்படி ஏறுவார்? வரும் ஆட்களிடம் விசாரிக்கலாம் என்றுதான் துறையில் போய் நின்றேன்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி, வானம் இன்னும் வெளிச்சமாக இருந்தபோது, குடாவின் வாசலில் கப்பல் தலையாட்டிக்கொண்டு தெரிந்தது. தாழும், பிறகு நிமிரும், மறுபடி தாழும். உள்ளே வந்ததும் அமைதியானது. பலகை இறங்கியது. முதலில் வந்தது என் சூட்கேஸ், ஒரு மாலுமியின் கையில். பின்னால் மச்சாளின் சூட்கேஸ், இன்னொரு மாலுமியின் கையில். அதற்குப் பின்னால், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் எலுமிச்சம்பழப் பையோடு, மச்சாள்.

"மச்சாள்!"

"என்ன, முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு? சாப்பிட்டனீரே?" என்றார்.

நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அழுதுகொண்டே திட்டினேன். "உங்களை அங்கயே இருக்கச் சொன்னனான் எல்லோ! அவை சொல்லேல்லையே?"

"சொன்னவை. நானும் தலையாட்டினனான். நீர் கத்துவீர் எண்டு தெரியும் தானே." சேலையை உதறிச் சரிசெய்தார். "காத்தைப் பாத்தன் கௌரி. கப்பல்காரப் பிள்ளையளும் வானத்தைக் காட்டிக் கையை விரிச்சவங்கள். நாளைக்கு இதே கப்பல் ஓடாட்டி? உம்மட்டைப் பாஸ்போட், என்னட்டைப் பெட்டி. ரெண்டு பேரும் ரெண்டு தீவில இருந்து கையாட்டுறதே? அதோட, இவ்வளவு தூரம் வந்து ஈரினியின்ர மலையைப் பாக்காமல் நான் போகமாட்டன்."

"டிக்கெட்?"

"மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள்ள தம்பி தந்த காசு கிடந்தது. டிக்கெட் விக்கிற பெட்டியில போய், 'சிஸ்டர் கோன், அமோர்கோஸ், மீ ஆல்சோ கோ' எண்டு சொன்னனான். அந்தப் பிள்ளை விளங்கிச் சிரிச்சிது."

மச்சாள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கப்பலிலிருந்து இறங்கியவர்கள் ஒவ்வொருவராக அவரிடம் வந்தார்கள். ஒரு கிழவர் குனிந்து கையை முத்தமிட்டார். முதுகுப் பையோடு வந்த ஜெர்மன் பெண் அவரைக் கட்டிக்கொண்டாள். குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு தாய் கிரேக்கத்தில் நீளமாக ஏதோ சொல்லி நெஞ்சில் கைவைத்தாள். ஸ்டெலியோஸ் மொழிபெயர்த்தார். கேரோஸ் தீவைத் தாண்டியதும் கப்பல் முழுக்க வாந்தி. மாலுமிகள் பை கொடுத்துக் களைத்துவிட்டார்கள். மச்சாள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருக்கை இருக்கையாகப் போய், எலுமிச்சையை நகத்தால் கீறி ஒவ்வொருவர் மூக்கிலும் பிடித்தாராம், உள்ளங்கையில் தேய்த்துவிட்டாராம். கண்ணை மூடு, மூச்சை இழு என்று சைகையில் அதட்டினாராம். பலருக்கும் சுகமாக இருந்ததாம்.

"உங்களுக்குத் தலை சுத்தேல்லையே?" என்று கேட்டேன்.

"சுத்தினது. அதுக்கு நேரம் இருந்தால் தானே?"

பையில் ஒரே ஒரு எலுமிச்சை மிச்சம் இருந்தது. கண்டி பஸ் என்று நான் சிரித்ததை அவர் மறக்கவில்லை. அதை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். மேல்தட்டில் இருந்த கப்டன் ஹார்னை நீளமாக அடித்து மச்சாளுக்குச் சலாம் வைத்தார். துறையில் நின்ற எல்லோரும் கை தட்டினார்கள், நான் எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டினேன். எனக்கு அப்போது இருந்த பெருமையைப் போல என் பிள்ளைகள் பட்டம் வாங்கியபோதுகூட இருந்ததில்லை.

மறுநாள் காலை ஸ்டெலியோஸ் சொன்னபடியே ஆயிற்று. கப்பல்களை நிறுத்திவிட்டார்கள். ஒரு படகுகூட அசையவில்லை. இரண்டு நாள் அப்படியே. மச்சாள் மட்டும் நான் சொன்னதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே எனக்கு நடுக்கம்.

கப்பல் இல்லாத தீவில் பஸ் ஓடியது. காலை எட்டரை பஸ்ஸில் மலைப்பாதையில் ஏறி, இறங்கி, கற்படிகளில் மூச்சு வாங்க ஏறினோம். திருப்பம் ஒன்றில் அது தெரிந்தது. பழுப்புப் பாறைச் சுவரில் சுண்ணாம்பு பூசிய வெள்ளைக் கட்டடம், கீழே கண் எட்டும் தூரம் கடல். மச்சாள் அப்படியே நின்றார். உள்ளே துறவி ஒருவர் லுகூமி என்ற இனிப்பும் குளிர்ந்த தண்ணீரும் தந்தார். வெளியே வந்து மச்சாள் தானே போனை எடுத்து ஈரினியை வீடியோவில் கூப்பிட்டார். டான்டினோங்கில் அப்போது பின்னேரம். திரையில் நரைத்த முகம் ஒன்று வந்தது. மச்சாள் போனைத் திருப்பி மலையைக் காட்டினார், கடலைக் காட்டினார், பிறகு தன்னைக் காட்டினார். அந்தப் பக்கத்தில் ஈரினி அழுதது காற்றுச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

"மனோ, யூ கேம்! ஹூ ப்ராட் யூ?" என்று ஈரினி கேட்டார்.

மச்சாள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "ஷிப்," என்றார். "மீ அண்ட் ஷிப்."

மூன்றாம் நாள் காற்று இறங்கியது, கடல் திறந்தது. ஸ்டெலியோஸ் காப்பிக்குக் காசு வாங்க மறுத்தார். பதிலுக்கு ஓக்லீயில் தன் பழைய கடை எப்படி இருக்கிறதென்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னார். "நானே போய் எடுத்து அனுப்புறன்," என்றார் மச்சாள். யார் கூட்டிப்போவது என்று நான் கேட்கவில்லை.

சிட்னிக்கு வந்து வென்ட்வேர்த்வில்லில் நான்கு நாள் எங்களோடு இருந்தார். பிறகு மெல்பேர்னுக்கு ரயிலில் போகப் போகிறேன் என்றார். பகல் முழுக்க ஓடும் ரயில், பதினோரு மணி நேரம், தனியே. பிரணவன் போனில் ஆங்கிலத்தில் குதித்தான். "அம்மா, ஆர் யூ சீரியஸ்?" மச்சாள் ஒரே ஒரு "ஓம்" சொல்லி வைத்துவிட்டார்.

காலை ஏழு மணிக்கு சென்ட்ரல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய ரயில் பெட்டி எண்ணைக் கண்டுபிடித்தேன், சூட்கேஸைத் தூக்கினேன், பழக்க தோஷத்தில் ஒரு காலை ரயில் படியிலும் வைத்துவிட்டேன். உள்ளே இருத்திவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கலாம் என்று எண்ணம்.

மச்சாள் வாசலில் குறுக்கே நின்று சூட்கேஸை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"நீர் ஏறாதேயும்," என்றார். "உம்மை ரயிலோட கொண்டுபோய் மெல்பேர்னில இறக்கினால் என்ர தம்பிக்கு ஆர் பதில் சொல்லுறது? அங்கயே நில்லும். போட்டு வாறன்."

கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்குள் மச்சாள் தானாகவே இருக்கையைக் கண்டுபிடித்து, தானாகவே அமர்ந்து, பக்கத்து இருக்கைக்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ரயில் நகர்ந்து, வளைவில் மறைந்து, தண்டவாளம் வெறுமையான பிறகும் நான் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றேன். இந்த முறை கரையில் நின்றது நான்.